பாப்பாவின் மௌனம்

பாப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. முழங்கால் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகும். அலமாரியில் ஒரு தட்டு நிறைய அவள் எழுதிய புத்தகங்கள் இருந்தன. ஆனாலும் அவள் பாப்பாதான். அப்பா நாடறிந்த கவிஞர். அண்ணன் நாடே பயப்படும் விமர்சகர். மற்ற உறவுக்காரர்களும் சும்மா இல்லை, முன்னுரையாவது எழுதினார்கள். அந்த மாதிரிக் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தவள் எத்தனை வயதானாலும் பாப்பாவாகத்தான் இருந்தாக வேண்டும். புத்தக அட்டையிலும் அந்தப் பெயர்தான். முதல் புத்தகம் அச்சாகும்போது அப்பாவே அச்சகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவளுக்கு வேறொரு பெயரும் உண்டு. அது வங்கியில் மட்டும் இருந்தது.

இலக்கியப் பாதுகாப்பு வாரியத்தின் செயலாளர் அவள் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று, பாப்பா முன்னறையில் எழுதிக்கொண்டிருந்தாள். செயலாளரோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் கையில் அளவு நாடா, இன்னொருவர் தோளில் சிவப்புக் கயிறு. உட்காருங்கள் என்று பாப்பா நாற்காலியைக் காட்டினாள். செயலாளர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அது காட்சிப்பொருளாம், உட்கார்ந்தால் தேய்மானமாம்.

"வாழ்த்துகள்மா. வாரியம் உங்களைப் பாதுகாக்கறதா முடிவு பண்ணியிருக்கு."

"யார்கிட்டேருந்து?" என்று பாப்பா கேட்டாள்.

அவர் சிரித்தார். எழுத்தாளர் என்றால் இப்படித்தான் கேட்பார் என்று எதிர்பார்த்து வந்தவர் போல இருந்தது அந்தச் சிரிப்பு. பிறகு நின்றபடியே விளக்கினார். முன்பெல்லாம் எழுத்தாளர் இறந்தபிறகுதான் வாரியம் வரும். வந்து பார்த்தால் மூக்குக்கண்ணாடியைக் காணோம், பேனாவை மருமகன் கொண்டுபோய்விட்டான், கட்டிலில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். அவள் அப்பா விஷயத்திலேயே அப்படித்தான் ஆயிற்று. செருப்பு ஒரு கால்தான் கிடைத்தது. அதனால் இனிமேல் முன்கூட்டியே வந்துவிடுவது என்று ஏற்பாடு.

"செத்துப்போனவங்களைப் பாதுகாக்கறதுல எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லைம்மா. உயிரோட இருக்கறவங்கதான் கஷ்டம். மாறிக்கிட்டே இருக்காங்க. போன தடவை ஒரு நாடக ஆசிரியர். எல்லாம் பண்ணி முடிச்சப்புறம் திடீர்னு கருத்தை மாத்திக்கிட்டார். பலகையெல்லாம் திரும்ப எழுத வேண்டியதாப் போச்சு. நீங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டீங்கன்னு உங்கண்ணன் உறுதி சொல்லியிருக்கார்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அளவு நாடாக்காரர் மேசையை அளந்தார், அலமாரியை அளந்தார். அப்புறம் பாப்பாவின் பின்னால் வந்து நின்று, மரியாதையாகத் தொண்டையைக் கனைத்துவிட்டு, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அவளையும் அளந்துகொண்டார்.

பாப்பா மறுத்திருக்கலாம். வாயைத் திறக்கத்தான் பார்த்தாள். ஆனால் அந்த வீட்டில் ஆண்கள் நின்றுகொண்டு தீர்மானமாகப் பேசினால் கேட்டுக்கொள்வது அவளுக்குப் பிறவிப் பழக்கம். தவிர, அவளுக்கு அப்போது வேறு எதிலும் மனசு இல்லை. கையில் ஒரு நாவல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுதியதிலேயே பெரியது, அவளுக்கே அவளுக்கென்று எழுதிய முதல் புத்தகம். அதை முடிக்கும்வரை யார் எந்த நாற்காலியைக் கட்டினால் என்ன என்று விட்டுவிட்டாள். அங்கேதான் ஏமாந்தாள்.

அது ஏன் அவளுக்கென்று எழுதிய முதல் புத்தகம் என்று கேட்பீர்கள். அந்த வீட்டு வழக்கம் தெரிந்தால்தான் அது புரியும்.

அந்த வீட்டில் அப்பாவின் காதில் விழாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போனதில்லை. சாயங்காலம் முன்னறையில் அவர் சாய்வு நாற்காலியில் இருப்பார். கையில் பித்தளைப் பூண் போட்ட கைத்தடி. எழுதியவர் எதிரே நின்று வாசிக்க வேண்டும். ஓர் இடத்தில் தடி தரையைத் தட்டும், 'டொக்' என்று. அவ்வளவுதான். அங்கே நிறுத்த வேண்டும். தட்டுக்கு முன்னால் இருப்பது அச்சுக்குப் போகும். பின்னால் இருப்பது அடுப்புக்குப் போகும். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. அண்ணன் மீசை முளைக்கும் வயதில் ஒரு கவிதையோடு வந்து நின்றார். முதல் வரியிலேயே தட்டு விழுந்தது. அதன்பிறகு அவர் கவிதையே எழுதவில்லை, மற்றவர்களின் கவிதையைப் பற்றித்தான் எழுதினார்.

பாப்பாவுக்குப் பாதிவரை அனுமதி கிடைக்கும். கதையில் யாராவது கோபப்பட வாயைத் திறந்தால், 'டொக்.' அழப்போனால், 'டொக்.' அப்படிப் பாதியில் நிற்கும் கதைகளை உலகம் வாசித்தது. வாசித்து, அடடா என்றது. இந்த எழுத்தாளர் எதையும் முழுக்கச் சொல்வதில்லை, என்ன அடக்கம், என்ன ஆழம் என்றது. அதற்குப் 'பாப்பாவின் மௌனம்' என்று பெயர் வைத்தது. அண்ணன் அந்த மௌனத்தைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதிப் பரிசு வாங்கினார். வாசிப்பு நேரங்களில் கதவோரம் நின்று ஒவ்வொரு தட்டையும் தன் காதால் கேட்டவர் அவர்.

அவளுடைய கதைகளிலேயே பேர் வாங்கியது ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை படிக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கவிஞரைப் புகழ்கிறார்கள்; புகழ்ந்துகொண்டே இருக்கிறார்கள்; சமையலறையில் அம்மா. கடைசி வரி: 'அம்மா கோப்பையை எடுத்தாள்.' அதோடு கதை முடிகிறது. அந்தக் கோப்பை காலத்தைக் குறிக்கிறது என்றார் ஒரு பேராசிரியர். பெண் மனம் என்றார் இன்னொருவர். அது காலிக் கோப்பை என்று ஒரு கட்சியும் நிறைந்த கோப்பை என்று ஒரு கட்சியுமாகப் பிரிந்து ஒரு கருத்தரங்கில் கைகலப்பு நடக்கப் பார்த்தது.

நடந்தது இதுதான். அம்மா கோப்பையை எடுத்தாள், பின்வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள். புகழ்ச்சி நீளும்போதெல்லாம் அடிப்பாள். சத்தம் கேட்டு முன்னறை ஒரு கணம் வாயை மூடும். "கை தவறிடுச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அப்பா அதை வைத்து ஒரு கவிதை எழுதினார், அன்பால் நடுங்கும் இல்லாளின் கைகளைப் பற்றி. அம்மாவின் கை நடுங்கிப் பாப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. பாப்பா அந்தக் கதையில் முழுவதையும் எழுதித்தான் கொண்டுபோய் வாசித்தாள். 'எடுத்தாள்' என்றதும் 'டொக்.'

அம்மா என்றைக்கோ போய்விட்டாள். அப்பா கடைசியில்தான் போனார். அப்பா போன மறுநாள் காலை, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முன்னறையில் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, பாப்பா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். 'அம்மா கோப்பையை எடுத்தாள், பின்வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள்' என்று. எழுதிவிட்டுத் தட்டு விழுமா என்று காத்திருந்தாள். விழவில்லை. அந்த வாக்கியம் நாவலாக நீண்டுகொண்டே போயிற்று.

அதற்குள் வாரியம் வீட்டைப் பாதுகாக்க ஆரம்பித்துவிட்டது. நாற்காலிக்கும் மேசைக்கும் சிவப்புக் கயிறு கட்டினார்கள். ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஓர் அட்டை. 'எழுத்தாளர் தேநீர் அருந்திய கோப்பைகள்.' 'எழுத்தாளர் துயின்ற கட்டில்.' பாப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். தேநீர் இன்னும் குடிக்கிறேனே என்று கேட்டாள். இப்போது ஒரு மாதிரி எழுதி அப்புறம் மாற்றுவானேன், இரட்டை வேலைதானே என்றார் செயலாளர். அன்று மாலையே வாரியத்து மருத்துவர் வந்து அவளைப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் இளவயதுக்காரர் மாதிரி இருக்கிறது என்றார். செயலாளரின் முகம் வாடிவிட்டது. "பரவாயில்லைம்மா, நீங்க மனசைத் தளர விடாதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

பின் தோட்டத்தில் ஆட்கள் ஒரு மேடைக்கு அடித்தளம் தோண்டினார்கள். நீளம் அவள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட. என்ன இது என்று கேட்டதற்கு, நினைவிடம் என்றார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் சிமெண்டு வேலை முடிந்தாக வேண்டுமாம்.

"அவசரமில்லைம்மா. நீங்க மெதுவாவே வரலாம். என்ன, திறப்பு விழாத் தேதி குறிச்சாச்சு. பெரிய இடத்துலேருந்தெல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது. கட்டாயப்படுத்தலை."

அன்று முதல் பாப்பா பின்வாசல் கதவைச் சாத்தியே வைத்தாள். சாத்தினாலும் மண்வெட்டிச் சத்தம் உள்ளே வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே எழுதினாள்.

மேசையில் எழுத முடியாது. கயிறு இருக்கிறது. பேனாவும் போயிற்று, கண்ணாடிப் பெட்டிக்குள். அவள் சமையலறையில் பலகை போட்டுக் கடையில் வாங்கிய பேனாவால் எழுதினாள். பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். எழுத்தாளரைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், செயலாளர் முதலில் பாப்பாவையே கயிற்றுக்கு அந்தப்பக்கம் உட்காரவைத்துப் பார்த்தார். ஒருநாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவள் தலையைச் சொறிந்தாள், எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள், நீண்ட நேரம் ஒரு வரியும் எழுதாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தாளர் மாதிரியே இல்லை என்று பார்வையாளர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள்.

அதனால் நாடகக் குழு ஒன்றிலிருந்து ஒரு நடிகையை அழைத்து வந்தார்கள். தலைக்கு வெள்ளை மாவு தடவி, பாப்பாவின் பழைய புடவையைக் கட்டி, மேசையில் உட்காரவைத்தார்கள். அவள் மோவாயில் கைவைத்து ஜன்னலைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், விறுவிறுவென்று எழுதுவாள். பார்வையாளர்களின் கண் கலங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சமையலறைக்கு வந்து மாவைத் தட்டிவிட்டுப் பாப்பாவோடு உட்காருவாள். தங்கமான பெண். சும்மா கோடு கோடாகக் கிறுக்கிக்கொண்டிருப்பது சலிப்பாக இருக்கிறது, பார்த்து எழுத ஏதாவது தாளிருந்தால் கொடுங்கள் அக்கா என்று கேட்டாள். பாப்பா முடித்த அத்தியாயங்களைக் கொடுத்தாள்.

நாவல் முடிந்தது. பாப்பா அதை எடுத்துக்கொண்டு பதிப்பாளரிடம் போனாள். அவர் கட்டுக்கடங்காத மகிழ்ச்சியோடு வாங்கி, முதல் பக்கத்தைப் புரட்டி, சட்டென்று மூடிக் கீழே வைத்தார். பாதுகாக்கப்பட்ட எழுத்தாளரின் படைப்பு என்றால் வாரியத்தின் மெய்ம்மைக் குழு அது அசல்தான் என்று சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் தன் அச்சகத்தையே பூட்டிவிடுவார்கள் என்றார். பாப்பா தானே கொண்டுபோய் வாரியத்தில் கொடுத்தாள். குழுவின் தலைவர் யார் என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணன்தான் தலைவர்.

விசாரணை அவள் வீட்டு முன்னறையிலேயே நடந்தது. நாற்காலி எல்லாம் காட்சிப்பொருள் என்பதால் வாரியத்திலிருந்து மடக்கு நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்கள். பாப்பாவுக்கு மட்டும் நாற்காலி குறைந்தது. அப்பா காலத்தில் நின்ற அதே இடத்தில் நின்றாள். எதிரே அண்ணன், கையில் அப்பாவின் பித்தளைப் பூண் தடி. அவருக்கும் இப்போது கால் முடியவில்லை.

நாவலில் மௌனமே இல்லை என்றார் ஓர் உறுப்பினர். எல்லாரும் மனசில் பட்டதைப் பேசிவிடுகிறார்கள், ஓர் அம்மா பாத்திரம் கெட்ட வார்த்தைகூடச் சொல்கிறது. பாப்பாவின் நடையைப் பற்றித் தலைவர் எழுதிய புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஒரு பக்கம்கூடப் பொருந்தவில்லை. யாரோ ஒரு திறமையில்லாத ஆள் போலி செய்திருக்கிறான் என்பது அவர் கருத்து.

"நான்தான் எழுதினேன்" என்றாள் பாப்பா.

செயலாளர் மிகவும் பொறுமையாகப் பேசினார். "அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களைப் பத்தி நாங்க ஒண்ணுமே சொல்லலை. எழுத்தாளரைப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம். அவங்க படைப்பு முழுத் தொகுதியா வந்தாச்சு. முழுத்தொகுதின்னு அட்டையிலேயே போட்டிருக்கு. இதையும் அவங்க எழுதினதுன்னா அது முழுத்தொகுதி இல்லைன்னு ஆயிடும். வாரியம் பொய் சொல்லுமா?"

எப்போது எழுத ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் உள்ளதைச் சொன்னாள், அப்பா போன மறுநாள் காலை என்று. அதைக் குறித்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு நியாயம் செய்வோம் என்றார்கள். இவரே முதல் பக்கத்தை வாசிக்கட்டும், எழுத்தாளரின் மூச்சு அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம்.

பாப்பா தாளைக் கையில் எடுத்தாள். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசித்தாள்.

"அம்மா கோப்பையை எடுத்தாள்..."

'டொக்.'

அண்ணன் வேண்டுமென்றுதான் தட்டினாரா, கை தன் பழக்கத்துக்குத் தட்டியதா, அவருக்கே தெரியாது. தடி தரையைத் தட்டியது. பாப்பாவின் வாய் மூடிக்கொண்டது. அடுத்த சொல் கண்ணெதிரே தாளில் இருந்தது. அவள் எழுதிய சொல். நாக்கு எழும்பவில்லை. ஆயுசு முழுக்க நின்ற இடத்தில் உடம்பு தானாக நின்றுவிட்டது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாக நினைவிடத்தில் கல் செதுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டீர்களா, இதுதான் பாப்பாவின் மௌனம் என்றார். முதல் மூன்று சொல் அசல். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் போலி. அவராலேயே வாசிக்க முடியவில்லை பாருங்கள் என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாவலைக் கட்டி அரக்கு வைத்து எடுத்துப்போனார்கள். போலி ஆசாமியைத் தேட ஓர் உபகுழுவும் அங்கேயே அமைந்தது.

எல்லாரும் படியிறங்கினார்கள். அண்ணன் மட்டும் எழுந்திருக்க நேரமாயிற்று. பாப்பா அவர் எதிரே வந்து நின்றாள்.

"தட்டினது அப்பான்னு உனக்குத் தெரியாதா அண்ணா? நீ அங்கேதானே நின்னே?"

"தெரியும் பாப்பா."

"அப்புறம் ஏன்?"

அவர் தடியின் பூணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அதை மௌனம்னு சொல்லித்தான் நான் இத்தனை காலம் பிழைச்சேன். நீ இப்போ வாயைத் திறந்தா நான் எழுதினதெல்லாம் என்ன ஆகும்? எனக்கு மிச்சம் என்ன இருக்கு, சொல்லு." தடியை ஊன்றி எழுந்து, "எனக்கும்தான் தட்டினார். நான் ஏதாவது சொன்னேனா?" என்றார். ஒருவேளை அழுதிருப்பார். ஆனால் செயலாளர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பின் மிச்சம் மறுநாள் வந்தது. போலியின் வேலை கவிஞர் மறைந்த மறுநாள் தொடங்கியதாக வாக்குமூலம் இருக்கிறது. ஆகவே அசல் எழுத்தாளரின் காலம் அதற்கு முதல் நாளோடு முடிந்திருக்க வேண்டும். அந்தத் தேதியைக் கல்லில் வெட்ட வாரியம் ஆணையிட்டது. தந்தையும் மகளும் ஒரே நாளில் என்பது எவ்வளவு பொருத்தம் என்று செயலாளர் நெகிழ்ந்து போனார். திறப்பு விழாத் தேதிக்குள் இது முடியுமோ முடியாதோ என்று தனக்குச் சில நாளாகத் தூக்கமே இல்லை, இனிமேல் கவலையில்லை என்றார். பாப்பாவை என்ன செய்வது என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. அவள் எழுத்தாளரின் உறவினர் என்று பதிவாயிற்று. உறவினர்களுக்குப் பார்வை நேரத்தில் பாதிக் கட்டணம். இரவு தங்க அனுமதி இல்லை.

விழாவன்று காலை பாப்பா ஒரு பையோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். போவதற்கு இடம் தேடி வைத்திருந்தாள், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. புடவை நான்கு, கண்ணாடி, கடையில் வாங்கிய பேனா. நாவல் இல்லாமல் அந்தப் பை லேசாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திரும்ப எழுதிவிடலாம் என்று மனசு சொன்னது, முதல் வாக்கியத்தை நினைத்ததும் 'டொக்' என்று காதில் கேட்டது.

நடிகை மாவு பூசிய தலையோடு உள்ளே வந்து, முந்தானைக்குள்ளிருந்து கனத்த தாள்கட்டு ஒன்றை எடுத்து அவள் பைக்குள் வைத்தாள். "எல்லா அத்தியாயமும் இருக்கு அக்கா. தினமும் பார்த்துப் பார்த்து எழுதினதுதான். யாரும் இதைக் கேக்கவே இல்லை. நான் நடிக்கறேன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க." பிறகு, தன்னை மேசையில் உட்காரக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடினாள். பாப்பா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். வேறொரு பெண்ணின் கையெழுத்தில் அவள் எழுதியதெல்லாம் ஒரு சொல் குறையாமல் இருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். முன்னறையில் கூட்டம் இரைந்துகொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, சமையலறை மூலையிலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்சிக்கு வைத்த கோப்பைகளைத் தட்டோடு எடுத்துக்கொண்டாள். சாத்தி வைத்திருந்த பின்வாசல் கதவைத் திறந்தாள்.

தோட்டத்தில் கல்தச்சர் உளியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பளபளவென்று நிமிர்ந்து நின்ற கல்லில் அவள் பெயர் வெட்டியிருந்தது, பாப்பா என்று. அதன் கீழே ஒரு சிறு கோடு, இரண்டு பக்கமும் வெற்றிடம். அவர் கையிலிருந்த தாளில் ஒரே ஒரு தேதிதான் எழுதியிருந்தது. பிறந்த நாளைக் கேட்க வாரியத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"வீட்டு ஆளுங்களா? இதை எந்தப் பக்கம் வெட்டறதுன்னு யாரும் சொல்லலைங்க" என்றார்.

பாப்பா தாளை வாங்கிப் பார்த்தாள். அப்பா போன நாள்.

"இடது பக்கம் வெட்டுங்க. ஒரு நாள் தள்ளிப் போட்டுக்குங்க. மறுநாள் தேதி."

"வலது பக்கம்?"

"அது இப்ப வேண்டாம்."

கல்தச்சருக்கு யார் சொன்னால் என்ன, உளியை வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.

முன்னறையில் அண்ணன் பேசத் தொடங்கியிருந்தார். ஒலிபெருக்கி தோட்டம்வரை கேட்டது. ஒரு மகளின் அடக்கத்தைப் பற்றி, அவள் சொல்லாமல் விட்டதைப் பற்றி. இன்று நாம் செய்யக்கூடிய ஒரே அஞ்சலி அந்தக் கடைசி வரியைச் சொல்லி, அவர் நின்ற இடத்தில் நாமும் நிற்பது என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். "அம்மா கோப்பையை எடுத்தாள்" என்றார் அண்ணன். உளிகூட நின்றது. வீடு முழுக்க மௌனம்.

பாப்பா ஒரு கோப்பையை எடுத்தாள், பின்வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள்.

உள்ளே யாரோ இருமினார்கள். செயலாளர், கை தவறியிருக்கும், தயவுசெய்து அமைதி என்று ஒலிபெருக்கியில் சொன்னார். அந்தச் சத்தம் எதுவென்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அண்ணன்தான். ஒலிபெருக்கி வழியாகத் தடியின் சத்தம் வந்தது.

'டொக்.'

பாப்பாவின் கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான்.

"கை தவறலை" என்று அவள் உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாள்.